பட்டறையில் மட்டும் நன்றாக ஓடும் வண்டி: வந்து வந்து போகும் கோளாறைப் பிடிப்பது எப்படி

பாம்பன் பாலத்து உச்சியில் நின்றுபோன இருசக்கர வண்டி, மண்டபத்தில் என் பட்டறை வாசலுக்கு வந்ததும் ஒரே உதையில் கிளம்பும். உருட்டிக்கொண்டு வந்தவர் முகம் சுருங்கிவிடும். "நெசமாத்தாண்ணே, இப்பத்தான் நின்னுச்சு" என்பார், தப்புச் செய்து அகப்பட்ட பிள்ளை மாதிரி. அவர் சொல்வது உண்மைதான். வண்டி நின்றது, இப்போது ஓடுகிறது, நாளைக்கு மறுபடி நிற்கும்.

இந்த மாதிரிக் கோளாறு தன் இஷ்டத்துக்கு வருவதில்லை. பனி, சூடு, குலுக்கல், ஹேண்டில் திரும்பும் பக்கம், டேங்கில் இருக்கும் பெட்ரோல், பின்னால் கட்டிய பாரம் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் "என்ன கெட்டுப்போச்சு" என்று ஸ்பேனரைத் தூக்குவதற்கு முன்னால் "எப்போ வருது" என்று கேளுங்கள். உங்கள் சொந்த வண்டி என்றால் ஒரு வாரம் சிட்டையில் எழுதுங்கள்: நேரம், கிளம்பி எத்தனை கிலோமீட்டர், நிற்கும்போது விளக்கு எரிந்ததா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கிளம்பியது.

முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி அணைத்தது போல சட்டென்று நின்றதா, அல்லது முக்கி முனகி, இழுவை குறைந்து நின்றதா? சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். முனகி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் அல்லது காற்று. பியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் மட்டும் இது கொஞ்சம் ஏமாற்றும். அங்கே பெட்ரோல் பம்ப்பே கரண்டில் ஓடுவதால், வயர் கோளாறும் பெட்ரோல் தீர்ந்தது போலவே தெரியும்.

எங்கள் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுத்தான் வரும். அது கொண்டுவரும் உப்பு வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் உட்கார்ந்துவிடும். சோற்றுப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானாகக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். ராத்திரி ஈரமாகிக் கரண்டைக் கண்ட இடத்துக்குக் கடத்தும், உச்சி வெயிலில் காய்ந்து பொடியாகிவிடும். காலை ஆறு மணிக்கு இருந்த கோளாறு பதினோரு மணிக்குப் பட்டறையில் காணாமல் போவது இதனால்தான். உப்பு முதலில் தின்பது வயர் முனைகளையும், வயரோடு வயரைச் சேர்க்கும் கப்ளர்களையும், கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் போல்ட்டுகளையும். பிளக்குக்கு உயர் வோல்ட்டைத் தரும் காயிலும், பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியும் கெடுவது அதற்கு அப்புறம்தான்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் சால்டர் செய்த செக் லைட், நல்ல ஸ்பார்க் பிளக் ஒன்று, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட ஒரு மீட்டர் நீள வயர், உப்புத்தாள். உப்பை எடுக்க உப்புத்தாள் என்று எங்கள் பட்டறைப் பையன்கள் சிரிப்பார்கள்.

"செல்ஃப் அமுக்கினா டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலாவது தடவை ஸ்டார்ட் ஆயிடுது"

உடனே புது பேட்டரி வாங்காதீர்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து பேட்டரியைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் காலி. இப்போது செல்ஃபை அமுக்கியபடி மறுபடி பாருங்கள். 10க்கு மேல் நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. 9க்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது, அல்லது சார்ஜே ஏறவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் டிக் சத்தம் மட்டும் வந்தால், வழியில் எங்கோ கரண்ட் சிக்குகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒன்றையும் கழற்ற வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையில் வையுங்கள், அதன்மேல் மாட்டிய கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து செல்ஃபை அமுக்குங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் களிம்பு ஏறிய ஒரு இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் குதிக்கிறதோ அந்த இடம்தான் குற்றவாளி. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி: பேட்டரித் தலை, ரிலேயின் (பட்டனை அமுக்கினால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு போல்ட், செல்ஃப் மோட்டார் போல்ட். ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கு நடுவிலேயே அரை வோல்ட் தொலைந்தால் ரிலே உள்ளே கருகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையை ஓம் அளவில் செய்து ஏமாறுபவர்கள் உண்டு. பத்து இழை வயரில் ஒன்பது இழை அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "நல்ல வயர்" என்றே சொல்லும். மீட்டர் அனுப்பும் சிறு கரண்டுக்கு ஒரு இழை போதும், செல்ஃப் மோட்டாருக்குப் போதாது. பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துப் படித்தேன், அதுவும் அடுத்தவர் பணம். பாம்பனில் இருந்து உச்சிப்புளி வரை மீன் கொண்டுபோய் விற்கும் ஒருவரின் 100 சி.சி. வண்டி. காலையில் போகும்போது மட்டும் நின்று நின்று போகும், திரும்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், சி.டி.ஐ. மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப சரியாயிரும் மாமா" என்று அனுப்பினேன். நாலாவது தடவை அவர் சத்தம் போடாமல் வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியைக்கூட இறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் பெட்டியோடு வண்டியைப் பார்த்தேன். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் பெட்டியின் மூலையிலிருந்து சீட்டுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எர்த் வயரின் வளையம் பெட்டிக் கேரியர் போல்ட்டோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. பெட்டியில் பாரம் இருந்தால் போல்ட் அசையும், அதோடு வளையமும் அசையும். மீன் விற்றுத் தீர்ந்து பெட்டி காலியானால் அசையாது. பட்டறைக்கு வரும்போதெல்லாம் காலிப் பெட்டிதான் கட்டியிருக்கும், நானும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வளையம், ஒரு போல்ட். மாற்றிய சாமான்களுக்கான காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

"காலைப் பனியில கிளம்பாது, வெயில் ஏறினா கிளம்பும்"

மார்கழி, தை மாதங்களில் இந்தப் புகார்தான் அதிகம். பிளக் கேப், அதிலிருந்து காயிலுக்குப் போகும் தடித்த வயர், இரண்டையும் முதலில் பாருங்கள். பிளக்கில் தீப்பொறி தாவ ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். கேப்பில் முடி அளவு வெடிப்பு, அதில் ஈர உப்பு என்றால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வெளிப்பக்கமாக இன்ஜினுக்கு இறங்கிவிடும்.

பகலில் இது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டு, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயரால் கேப்பின் மேலும் வயரின் மேலும் பனி மாதிரித் தூவுங்கள். நீல நிறத்தில் பூச்சி ஊர்வது போல் பொறி ஓடினால் ஆள் அகப்பட்டான். கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அந்த அடி தோள் வரைக்கும் ஏறும். காயில், சி.டி.ஐ. கப்ளர், சாவி சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தூவி, எதை நனைத்ததும் இன்ஜின் தடுமாறுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நனைத்தால் ஒன்றும் புரியாது.

கேப்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே வயரின் செம்பு தெரியும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகுங்கள். நிறைய கேப்புகளில் 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். மீட்டரில் எண் நிற்காமல் அலைந்தாலோ பல மடங்கு காட்டினாலோ கேப்பை மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

சாவி சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஏ.சி. சி.டி.ஐ. வண்டிகளில் சாவியை அணைத்தால் நடப்பது என்னவென்றால், சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு வயர் எர்த்தில் தொட்டு பொறியை நிறுத்துகிறது. சுவிட்சுக்குள் உப்பு ஈரம் இருந்தால் சாவி ஆனில் இருக்கும்போதே அந்த வேலையைப் பாதி செய்துவிடும். அந்த வயரை மட்டும் கப்ளரில் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அது பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு. கழற்றியதும் கோளாறு போய்விட்டால் சுவிட்ச்தான் காரணம். அப்புறம் வண்டியைச் சாவியால் அணைக்க முடியாது, பிரேக்கைப் பிடித்து கியரில் போட்டு கிளட்சை விட்டு நிறுத்த வேண்டியிருக்கும். சோதனைக்கு மட்டும் இது, அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஹீரோ, ஹோண்டாவில் எர்த் பச்சை. பஜாஜில் கறுப்பு-மஞ்சள் எர்த், ஆனால் அதே கறுப்பு-மஞ்சள் ஹோண்டா வகை வண்டியில் சி.டி.ஐ.யிலிருந்து காயிலுக்குப் போகும் வயர். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தொட்டால் வம்புதான்.

"வளைவுல திரும்பும்போது ஆஃப் ஆகுது"

இது சுலபம். நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். நின்றால் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து உள்ளுக்குள் இழை அறுந்த வயர். மேலுறை நன்றாகவே இருக்கும், தொட்டு இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அங்கேதான் அறுந்திருக்கிறது. நிற்காவிட்டால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, தர்கா தாயத்து, மாதா படம் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கினால் அந்தக் கனம் சுவிட்சின் உள்தகட்டைத் தேய்த்துவிடும். எலி கடித்திருக்கிறதா என்றும் டேங்குக்கு அடியில் எட்டிப் பாருங்கள்.

"பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நல்லா ஓடும், அப்புறம் நின்னுடும். அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்பும்"

இதுதான் ரொம்பப் பேரை அலைக்கழிப்பது. காரணம் நாலு இருக்கிறது, வெளியே நாலும் ஒரே மாதிரி தெரியும். ஆறிவிட்டால் எல்லாத் தடயமும் போய்விடும். அதனால் சோதனையைப் பட்டறையில் செய்ய முடியாது, நின்ற இடத்திலேயே செய்ய வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையில் நின்றால் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் வெயில். ஆனாலும் முதல் ஐந்து நிமிடத்தை வண்டியைத் திட்டுவதில் செலவழிக்காதீர்கள்.

நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதற்கப்புறம் வண்டி கிளம்பினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பெட்ரோலை இறங்கவிடாது. இதில் ஒரு துப்பு இருக்கிறது: டேங்க் நிறைய பெட்ரோல் போட்ட அன்றைக்குச் சீக்கிரம் நிற்கும், பாதி இருந்தால் தாமதமாக நிற்கும். நிறைந்த டேங்கில் மேலே காற்று கொஞ்சம்தான் இருப்பதால் வெற்றிடம் வேகமாக ஏறிவிடும். மணலும் உப்பும் சேர்ந்து அந்தத் துளையை சிமெண்ட் பூசியது போல் அடைக்கும். மெல்லிய கம்பியால் குத்தி ஊதினால் போதும்.

சத்தம் இல்லையா? கொண்டுபோன பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் ஹெட்டில் அழுத்திக் கிக்கரை உதையுங்கள். பிளக்கைத் தொடாமல் கேப்பின் ரப்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள், டேங்க் மூடியை மறக்காமல் மூடியிருங்கள். பிளக் இல்லாமல் கேப்பை அந்தரத்தில் விட்டு உதைக்காதீர்கள், பொறிக்குப் போக வழியில்லாமல் காயிலும் சி.டி.ஐ.யும் அடிவாங்கும். பொறி இல்லையென்றால், எப்போது பொறி விட வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சைகை கொடுக்கும் பிக்கப் காயிலைச் சந்தேகப்படலாம். தலைமுடியை விட மெல்லிய கம்பி சுற்றியது அது. சூட்டில் விரிந்து ஓரிடத்தில் விலகிக்கொள்ளும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கப்ளரைக் கழற்றி ஓம் பாருங்கள். சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறு என்பதால், அதே வண்டி ஆறியிருந்தபோது பார்த்த அளவை முன்னமே சிட்டையில் குறித்து வைத்திருந்தால் நல்லது. சூட்டில் செம்பின் தடை இயல்பாகவே கூடும், 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு. அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மடங்கானாலோ மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ காயில் போச்சு. அளவு சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் இக்னிஷன் காயில் அல்லது சி.டி.ஐ. அவற்றின் மேல் ஈரத்துணி வைத்து ஆற வைத்துப் பாருங்கள், இன்ஜினைத் தொடாமல். ஒன்று மட்டும் ஆறியதும் வண்டி கிளம்பினால் எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும். கொதிக்கும் இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள், வேண்டாம்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, கிக்கர் மட்டும் வழக்கத்தைவிட லூசாக இறங்குகிறது என்றால் வால்வு இடைவெளி இறுகிவிட்டது. சூட்டில் வால்வு நீண்டு முழுவதும் மூடாமல் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) கசியும். மறுநாள் காலையில் இன்ஜின் நன்றாக ஆறியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். சூட்டோடு செய்தால் அளவு தப்பும்.

"அறுபது தாண்டினா அடைக்குது, ஜெர்க் அடிக்குது"

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் வரும் புகார் என்றால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைத் தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளையும் குழாயும் உண்டு. அதை மணல் அடைத்தால் தண்ணீர் டேங்குக்குள்தான் போகும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் முத்து மாதிரி உருண்டால் தண்ணீர். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், குளிர்ந்த ராத்திரியில் இன்னும் சீக்கிரம். பாட்டிலின் அடியில் மங்கலாக ஒரு அடுக்கு தெரிந்தால் இதுதான். டேங்கை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், மேலே புதுப் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்க முடியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஆட்கள் வெளியூர் வேலைக்குப் போக வண்டி வீட்டில் நிற்கும். கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் வற்றி, பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டில் பிசின் பிடித்துவிடும். நிறுத்துவதற்கு முன்னால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் இந்த வேலையே வராது. ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பாருங்கள். தனுஷ்கோடி மணல் மாவு மாதிரி, எங்கும் போகும்.

"லைட்டு மின்னி மின்னி எரியுது, பல்பு ஃபியூஸ் ஆகிட்டே இருக்கு" / "ஞாயித்துக்கிழமை நிறுத்தினா திங்கக்கிழமை செல்ஃப் எடுக்காது"

இரண்டும் சார்ஜ் சம்பந்தப்பட்டவை. வண்டியை ஓடவிட்டு கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பேட்டரியில் அளவு பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்லது. 15ஐத் தாண்டினால் சார்ஜை அளவோடு வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பல்பும் பேட்டரியும் வெந்துபோகும். ஆனால் ரெகுலேட்டரை வாங்கும் முன்னால் அதன் எர்த்தைப் பாருங்கள். பல வண்டிகளில் ஃபிரேமில் முறுக்கிய போல்ட் வழியாகத்தான் அதற்கு எர்த். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் அது குழம்பிவிடும். முதலைக் கிளிப் வயரால் அதன் உடம்பையும் பேட்டரி நெகட்டிவையும் சேர்த்துப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் சரியாகிவிட்டால் செலவு ஒரு துண்டு உப்புத்தாளோடு முடிந்தது.

ராத்திரியில் பேட்டரி இறங்குவதற்கு மீட்டரை ஆம்பியருக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் வைத்துப் பாருங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் வைத்துத் தொடங்குங்கள், இல்லையென்றால் மீட்டரின் ஃபியூஸ் போகும். சாவி ஆஃபில் இருக்கும்போது கடிகாரம் இல்லாத கார்புரேட்டர் வண்டியில் ஏறக்குறைய சுழியம் இருக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் சில மில்லிஆம்பியர் இருக்கலாம். 50 மில்லிஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் கசிகிறது. 3 ஆம்பியர்-அவர் சின்ன பேட்டரி இரண்டரை நாளில் சுத்தமாகக் காலி. ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள், எண் விழுந்தால் அது. விழாவிட்டால் வெளியில் போட்ட போன் சார்ஜர், கலர் லைட், அலாரம்.

"எப்பவாச்சும் ஃபியூஸ் போகுது"

ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றின் வயரிங் கிட் (வண்டி முழுக்க ஓடும் வயர்க் கட்டு) கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செக் லைட்டின் இரண்டு வயரையும் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் வயர் கருகாது, ஃபியூஸும் வீணாகாது. பல்பைப் பார்த்துக்கொண்டே வயரிங் கிட்டை ஹெட்லைட்டிலிருந்து பின்பக்கம் வரை அசைத்துக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் பளிச்சென்று ஏறுகிறதோ, அணைகிறதோ, அங்கே பிரித்துப் பாருங்கள். டேங்கின் உள்விளிம்பும் பின் மட்கார்டில் டெயில் லைட் வயர் போகும் துளையும் வழக்கமான இடங்கள்.

புது வண்டி, சைடு ஸ்டாண்டு

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டாண்டு சுவிட்ச் தரைக்குப் பக்கத்தில், சக்கரம் வாரியடிக்கும் ஈர மணலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பள்ளத்தில் குதித்ததும் சட்டென்று நின்றால், கியரில் போட்டதும் நின்றால், வேறெதையும் தொடுவதற்கு முன்னால் அதை நல்ல தண்ணீரில் கழுவி ஊதிக் காய வைத்துப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தோ மின்னியோ குறிப்புக் கொடுக்கும். எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி வண்டிப் புத்தகத்தில் அர்த்தம் பாருங்கள். அது சென்சாரைச் சொன்னாலும் முதலில் அந்தச் சென்சாரின் கப்ளரைத் திறந்து பாருங்கள். வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் இந்த வண்டிகளில் கூடவே கூடாது, கன்ட்ரோல் யூனிட் போய்விடும்.

கண்டுபிடித்த இணைப்பை என்ன செய்வது

வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது. வெயிலில் பசை இளகும், டேப் பிரியும், உப்பு உள்ளே போகும். மேலுறையைச் சீவினால் கம்பி பளபளவென்று சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் உள்ளே வெட்டுங்கள், களிம்பு உறைக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடியிருக்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். எர்த் வளையம் என்றால் ஃபிரேமில் பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் எடுத்து, உலோகத்தோடு உலோகமாக முறுக்கி, அதற்கு அப்புறம் மேலே வாசலின் தடவுங்கள். கப்ளருக்குள்ளே சிலிகான் கிரீஸ் கொஞ்சம் போதும்.

வண்டி கழுவுவது இன்னொரு விஷயம். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புக் கரிக்கிறது, அதில் வண்டி கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் வண்டி கழுவச் சொன்னால் வீட்டில் விளக்குமாறு எடுப்பார்கள், அதுவும் நியாயம்தான். ஒரு வாளி மழைத் தண்ணீரும் ஈரத்துணியும் வைத்துத் துடைத்தாலே போதும். கீழக்கரையிலிருந்து வரும் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வாரம் ஒரு தடவை இப்படித்தான் துடைக்கிறார், அவர் வண்டியின் கப்ளர்களைத் திறந்தால் இன்னும் வெள்ளி மாதிரி இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வரும் வண்டிகளைத் தினமும் துடைத்தாலும் தகும்.

சரிசெய்த பின் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையை மறுபடி உண்டாக்குங்கள். பனியில் வந்தது என்றால் வண்டியை ராத்திரி திறந்த வெளியில் நிறுத்தி விடிகாலை ஐந்து மணிக்கு உதையுங்கள். பாரத்தோடு வந்தது என்றால் பெட்டியில் மணல் மூட்டை வைத்துப் பாலம் ஏறி இறங்குங்கள். சூட்டில் வந்தது என்றால் மத்தியானம் தனுஷ்கோடி வரை போய்த் திரும்புங்கள், பிளக்கும் மீட்டரும் பையில் இருக்கட்டும்.